தொண்டையை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள்

ஈராசிரியர் பள்ளிக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்காகவும், தற்காலிக ஆசிரியராகச் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும், கத்தாமல் வகுப்பைச் சமாளிப்பது பற்றி இதை எழுதுகிறேன். டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயப் படிப்பை முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, வேலைக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. 2021 கடைசியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பாட்டு, கதை, கணக்கு என்று நன்றாகவே போனது. 2022 ஜூலையில், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடம் கிடைத்தது. சேரும்போது சொன்ன சம்பளம் 7,500 ரூபாய். பிறகுதான் அது 12,000 ஆனது. 'திண்ணையிலயே சமாளிச்சவ, உனக்கு என்ன' என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். திண்ணைக்கு வந்த பிள்ளைகள் எந்த நேரமும் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அம்மா கூப்பிடு தூரத்தில் இருப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான்கு சுவருக்குள் இருக்கும் பிள்ளைகள் வேறு மாதிரி. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. அவர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பார்ப்பார், எனக்கு ஒன்று முதல் மூன்று வரை. எல்லாம் ஒரே அறை. அந்த ஜூன் மாதம்தான், சின்ன வகுப்புகளில் எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து பழக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியிருந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று மூன்றாகப் பிரித்து நடத்த வேண்டியிருந்தது. நிரந்தர ஆசிரியர்களுக்குப் பள்ளி திறப்பதற்கு முன்பே பயிற்சி கொடுத்து முடித்துவிட்டார்கள். ஜூலையில் வந்த எனக்குக் கிடைத்தது ஆசிரியர் கையேடும், 'படிச்சுப் பார்த்துக்கோம்மா, ஈசிதான்' என்ற ஒரு வார்த்தையும்தான். கையேடு நல்ல கையேடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரும்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மலர் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதைக் கையேடு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வரிதான் வகுப்பறையில் ஒரு மணி நேரம்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வருஷத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய 2020இல் பள்ளி பூட்டிக் கிடந்தது. இரண்டாம் வகுப்பில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் கதவு திறந்தது, ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். ஆக எட்டு வயதுப் பிள்ளைகள், ஆனால் வரிசையில் நிற்பது, பக்கத்தில் இருப்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது, புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மறுபடி பைக்குள் வைப்பது, இதெல்லாம் பழகாத பிள்ளைகள். அடங்காத பிள்ளைகள் என்று ஊரே சொன்னது. யாரும் பழக்கவே இல்லாத ஒன்றை அவர்கள் மீறுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

முதல் வாரங்களில் நான் செய்தது, நான் படித்த காலத்தில் எங்கள் டீச்சர்கள் செய்ததைத்தான். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து.' பிள்ளைகள் உடனே கையைக் கட்டுவார்கள், விரலை உதட்டில் வைப்பார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் அது கலைந்துவிடும். லீடர் ஒருத்தியை நிறுத்தி, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். அவள் தனக்குப் பிடிக்காத பிள்ளைகளின் பெயரை எழுதினாள், அதைப் பற்றிய பஞ்சாயத்தே அரை மணி நேரம் ஓடியது. (பெயர் எழுதுவதில் இன்னொரு கூத்து. பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவார்கள். அதிகக் குறி யாருக்கு என்பதில் பையன்களுக்குள் போட்டியே வந்துவிட்டது.) மிச்சம் இருந்த ஆயுதம் என் தொண்டை. காலை வழிபாட்டிலிருந்து கடைசி மணி வரை கத்தினேன். தலைமையாசிரியருக்கு வட்டார வள மையத்தில் கூட்டம் என்றால், எமிஸ் வேலை (பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவது) என்றால், ஐந்து வகுப்பும் என் தலையில். அந்த நாட்களில் சத்துணவுக்கூடத்து அக்கா எட்டிப் பார்த்து, 'இன்னா டீச்சர், சந்தை மாதிரி கீது' என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஆகஸ்ட் கடைசியில் குரல் கம்மியது. மிளகுப் பால், கற்பூரவல்லி, சித்தரத்தை என்று எல்லாம் பார்த்தேன். செப்டம்பரில் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. திருவண்ணாமலையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் இரண்டு பக்கமும் முடிச்சு விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். ஆசிரியர்களுக்கும் மேடையில் பாடுகிறவர்களுக்கும் இது சகஜமாம். நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆவி பிடிக்கலாம், பேச்சைக் குறைக்க வேண்டும், கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம், அதுவும் சிரமம்தான் என்றார். இது எனக்குப் புதிது. அதுவரை கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்கோப், மருத்துவர் கட்டணம், மருந்து, போகவர பஸ் என்று சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அப்போது எனக்கு முதல் மாதச் சம்பளமே வரவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் போனேன். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், போய்க் காட்டிவிடுங்கள். சீக்கிரம் பார்த்தால் பேச்சைக் குறைத்தும், பேசும் முறையை மாற்றியுமே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் செட் ஒன்றும் வாங்கினேன், ஆன்லைனில் 1,300 ரூபாய். பலருக்கு அது உதவியிருக்கலாம். எங்கள் அறை ஓட்டுக் கட்டடம், எதிரொலி அதிகம். மைக்கில் நான் பேசப் பேசப் பிள்ளைகளும் அதற்கு மேல் சத்தமாகப் பேசினார்கள். அதை இப்போது சுதந்திர தின விழாவுக்கு மட்டும் எடுக்கிறோம். அப்புறம் சாக்லேட், நட்சத்திர ஸ்டிக்கர் செலவு. சத்தம் போடாத வரிசைக்கு ஆளுக்கொரு மிட்டாய் என்று ஆரம்பித்தது, தினமும் பாக்கெட் பாக்கெட்டாகப் போனது. மாதக் கடைசியில் மிட்டாய் இல்லாத நாளில் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று என் முன்னால் வந்து நின்று, 'அப்ப நான் பேசலாமா டீச்சர்?' என்று கேட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். அதில் மட்டும் 2,000 ரூபாயாவது போயிருக்கும்.

குரல் ஓய்வு என்றால் லீவு போட வேண்டும், லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். நல்ல மனுஷி. 'வந்து உட்காரும்மா, நான் அஞ்சையும் பார்த்துக்கறேன், நீ நோட்டுத் திருத்து' என்றார். அறையின் பின்பக்கம், பிள்ளைகளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்க முடியாததால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. அப்போதுதான் தெரிந்தது, பாடம் நடக்கும்போது இந்தப் பிள்ளைகள் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில்தான் எல்லாம் உடைகிறது. பயிற்சி நூலை விநியோகிக்கும்போது கடைசியில் இருப்பவன் கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருக்கிறான், காத்திருக்கிறவன் பக்கத்தில் இருப்பவனை இடிக்கிறான். பென்சில் இல்லாதவன் எழுந்து நான்கு பேரைக் கேட்கிறான். முதலில் எழுதி முடித்தவன் 'டீச்சர் முடிச்சிட்டேன்' என்று மூன்று முறை கத்திவிட்டு, யாரும் வராததால் வேறு வேலை தேடுகிறான். ஒருத்தி 'ஒண்ணுக்கு' என்று விரலைக் காட்டினால் பின்னாலேயே ஆறு விரல் எழும்புகிறது. நோட்டில் நேரத்தோடு குறித்துப் பார்த்தேன். சண்டை, அழுகை, புகார் எல்லாமே ஏறக்குறைய இந்த இடைவெளிகளில்தான். நான் அத்தனை நாள் கத்தியதும் இந்த நேரங்களில்தான். இந்த நிமிஷங்களுக்கு வேலை கொடுத்துவிட்டால் தொண்டைக்கு வேலை இல்லை.

குரல் பாதி திரும்பியதும் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். எங்கள் அறையில் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கறுப்பு. 2007இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத வேண்டும் என்று அடித்த கீழ்மட்டக் கரும்பலகை அது. அந்த அட்டைகளும், அவற்றின் வரிசையைக் காட்டிய ஏணிப்படி அட்டவணையும் எப்போதோ போய்விட்டன, இது மட்டும் நரைத்துப் போய் இருந்தது. ஒரு டப்பா கரும்பலகைப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன், பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகும் ஒரு பிள்ளையின் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துக் கொடுத்தார். கோடு போட்டு ஆளுக்கொரு கட்டம், மேலே பெயர். காலையில் உள்ளே வந்ததும் பையை வைத்துவிட்டு நேராகத் தன் கட்டத்துக்குப் போக வேண்டும். பெயர், தேதி, அப்புறம் அன்றைக்குப் பெரிய பலகையில் நான் போட்டு வைத்திருக்கும் ஒன்று. அரும்புக்கு ஓர் எழுத்து, மொட்டுக்கு ஒரு சொல், மலருக்கு ஒரு கணக்கு. நான் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவேன். யார் அழுத முகத்தோடு வருகிறது, யார் காய்ச்சலோடு வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பகல் முழுக்கவும் அந்தக் கட்டம் உதவியது. முதலில் முடித்தவன் கத்த வேண்டாம், தன் கட்டத்துக்குப் போய் முடித்ததை வைத்து ஒரு படம் வரையலாம். உங்கள் பள்ளியில் கறுப்புச் சுவர் இருந்தால் அதை வெள்ளையடித்துவிடாதீர்கள்.

பிள்ளைகளின் கவனத்தைத் திருப்ப ஒரு கைமணி. பூஜைக் கடையில் 180 ரூபாய். முதல் நாள் அடித்தபோது இரண்டாம் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வெளியே மைதானத்தில் இருந்தால் நான் 'கல்லா?' என்பேன், அவர்கள் 'மண்ணா!' என்று சொல்லிவிட்டு அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். அவர்கள் விளையாடும் விளையாட்டுதான் என்பதால் சொல்லிக்கொடுக்க நேரமே ஆகவில்லை. இதில் ஒரு நுணுக்கம்: நான் எவ்வளவு மெதுவாகக் கேட்கிறேனோ அவ்வளவு மெதுவாகத்தான் அவர்கள் பதில் சொல்வார்கள். இந்த மாதிரி எதையும் வகுப்பு நடக்கும்போது அறிவித்துவிட்டு எதிர்பார்க்க வேண்டாம். மணிக்குக் கீழே வைப்பது, பாயைச் சுருட்டுவது, நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் கடத்துவது, ஒவ்வொன்றையும் பாடம் எதுவும் இல்லாமல் சும்மா செய்து பார்க்க வைத்தேன். ஒரு வாரம் அதற்கே போனது. 'இன்னும் பாடமே ஆரம்பிக்கலையா' என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அரையாண்டுக்குள் அந்த வாரம் வட்டியோடு திரும்பி வந்தது.

பென்சிலுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. காலையில் சீவி வைத்த பென்சில்கள் அதில் இருக்கும். இல்லாதவர்கள் யாரையும் கேட்காமல் எடுக்கலாம், சாயங்காலம் திரும்ப வைக்க வேண்டும். ஏன் கொண்டு வரவில்லை என்று ஒரு கேள்வியும் கிடையாது. எண்ணி வைப்பது மூன்றாம் வகுப்பு ஒருத்தியின் பொறுப்பு, அவள் என்னைவிடக் கறார். கழிப்பறைக்கு, வாசல் ஆணியில் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டை. கட்டை ஆணியில் இருந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள், காத்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் கட்டையும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளையைக் காத்திருக்கச் சொன்னால் பாயையும் பாவாடையையும் அலச வேண்டியது நீங்கள்தான். பிள்ளைக்கு ஏற்படும் கூச்சம் அதைவிடப் பெரியது.

புகார்கள் என்று ஒன்று உண்டு, தொடக்கப் பள்ளியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். 'டீச்சர் இவன் என்னைப் பார்த்து அழகு காட்றான்', 'டீச்சர் இவ என் பாய்ல கால் வெச்சிட்டா.' எல்லாவற்றையும் விசாரித்தால் நீதிமன்றம்தான் நடத்த வேண்டும். 'சும்மா இரு' என்று விரட்டினால் உண்மையாகவே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போய்விடுவார்கள். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு புங்கமரத்தடியில் புகார் நேரம் என்று வைத்தேன். அதுவரை தாங்குகிற புகார் மட்டும் அங்கே வரும், பாதிக்கு மேல் சோற்றோடு மறந்துபோகும். மூன்று விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்காவது அடிபட்டால், யாராவது கேட்டைத் தாண்டிப் போனால், யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் அல்லது பயமுறுத்தினால். இந்த மூன்றுக்கும் நான் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிட்டு வருவேன். அப்படியே செய்யவும் வேண்டும். ஒரு முறை தவறினால் நம்பிக்கை போய்விடும்.

இவ்வளவுக்கும் அடங்காத ஒருவன் இருந்தான், மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளர்ந்தான். எழுத்துகள் பாதிதான் தெரியும் என்பதால் அரும்பில் இருந்தான். தமிழ் நேரம் வந்தாலே யாரையாவது கிள்ளுவான், பொம்மலாட்டக் களத்துப் (வகுப்பில் பொம்மலாட்டத்துக்கு ஒதுக்கிய மூலை) பொம்மையைப் பிய்ப்பான். வெளியே நிற்க வைத்தால் சந்தோஷமாக நிற்பான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பொறி தட்டியது. கணக்கு நேரத்தில் அவனால் ஒரு தொல்லையும் இல்லை. தமிழுக்கு மட்டும்தான் அவன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வேண்டும், அதில் அவன் சித்தி மகளும் ஒருத்தி. வெளியே அனுப்பப்படுவது அவனுக்குத் தண்டனை இல்லை, தப்பிக்கும் வழி. நிலை பிரிப்பது பாடத்துக்கு நல்லது, ஆனால் எட்டு வயதுக்காரனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. பயிற்சியை மாற்றவில்லை, உட்காரும் இடத்தை மாற்றினேன். தன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்தே அரும்புப் பயிற்சியைச் செய்யட்டும் என்று விட்டேன். அதோடு கதைக் களத்தில் வெள்ளிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிப்பது அவன் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் வரும்வரை நானும் அவனும் அந்தக் கதையை நாலைந்து முறை சேர்ந்து படிப்போம். முதலில் மனப்பாடமாகத்தான் சொன்னான். பிறகு ஒரு நாள் 'டீச்சர், இங்க தவளைன்னு போட்டிருக்குது, நீங்க தேரைன்னு சொன்னீங்க' என்று திருத்தினான். கிள்ளுவது முழுக்க நிற்கவில்லை, குறைந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெற்றோர் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது வருஷா வருஷம் நடப்பது. மறுபடி ஜூனில்தான் பார்த்தேன். மறந்தது கொஞ்சம், மறக்காதது கொஞ்சம்.

அவனுடைய ஆயா ஒரு நாள் வந்து அறை வாசலிலேயே நின்று, 'கண்ணை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சிடு டீச்சரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்' என்றார். பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த அனுமதி உங்களுக்கும் கிடைக்கும். வாங்கிக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். பாட்டி சொன்னார் என்பது அங்கே செல்லாது. சட்டம் ஒரு பக்கம், எனக்குத் தெரிந்த நடைமுறை உண்மை இது: அடித்து அடங்கும் வகுப்பு, அடிக்கிறவர் கூட்டத்துக்குப் போன நாளில் இரண்டு மடங்கு அவிழும். அந்த நாளில் அங்கே இருக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். ஆயாவிடம், 'அவன் கணக்குல கெட்டிக்காரன் ஆயா, கடைக்கு அனுப்பிச் சில்லறை எண்ணிப் பாருங்க' என்று சொல்லி அனுப்பினேன். ஏன் குறை சொல்லவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெங்களூரில் இருந்த அவன் அப்பாவுக்கு, அவன் வாசித்ததை வாட்ஸாப்பில் ஒலிப்பதிவாக அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. குறை சொல்ல வேண்டியிருந்தாலும் முதல் அழைப்பு நல்லதுக்காக இருக்கட்டும், அடுத்த அழைப்பை அவர்கள் எடுப்பார்கள்.

ஐந்து வகுப்பும் தலையில் விழும் நாளுக்கு ஒரு துணிப்பை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏழு மணிக்குத்தான் போன் வரும், யோசிக்க நேரம் இருக்காது. என் பையில் வாசிப்பு அட்டைகள், பழைய செய்தித்தாள், வெள்ளைத்தாள், ஒரு மீட்டர் அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறு, புளியங்கொட்டை ஒரு டப்பா. முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கதை. அப்புறம் பெரியவர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்தையும் சத்துணவுக்கூடத்தையும் அளக்கப் போவார்கள், நான் வாசலில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கண்ணில் படும். பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களுக்கு டீச்சராக்கிவிட்டு நாளை ஓட்டுவது சுலபம். கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை. நாள் முழுக்க வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அந்த நாளை எங்கே போய் வாங்குவாள்?

அடுத்த வருஷமும் அதே பள்ளியில் தொடர்ந்தேன். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது, எங்கள் பள்ளிக்கும் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பதினொரு மணிக்கு வரும் அழுகையும் வயிற்று வலியும் பாதிக்கு மேல் காணாமல் போயின. என் மணியாலும் கட்டையாலும் வந்த மாற்றத்தைவிட அது பெரிது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே சிக்கல், பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததிலிருந்து வழிபாடு வரை இன்னொரு இடைவெளி. கறுப்புச் சுவர்தான் அங்கேயும் கைகொடுத்தது.

கடைசியாகப் பணம். முதல் சம்பளம் இரண்டு மாதம் தாமதித்துச் சேர்ந்து வந்தது, அதற்குள் பஸ், மருத்துவம், மிட்டாய், பெயின்ட் என்று கையிலிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. சேரும் முன் மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு எது வாங்குவதாக இருந்தாலும் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கைமணி உட்பட நான் வாங்கியதில் பாதியை, கேட்டிருந்தால் ஊர்க்காரர்களே கொடுத்திருப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உங்களை நியமித்த தீர்மானத்தின் நகல், சேர்ந்த தேதி போட்ட கடிதம், மாதா மாதம் வருகைப் பதிவேட்டின் போட்டோ, இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறிப் போய்விட்டால் அனுபவச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன்பே, அதே தலைமையாசிரியர் இருக்கும்போதே, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.